கொழிஞ்சாம்பாறையிலிருந்து சவுத்லேண்டுக்கு: மாட்டு வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, வீட்டில் ஆறு கறவை இருக்கு, நியூசிலாந்தில் பால் பண்ணை வேலை கிடைத்திருக்கு, சமாளித்துவிடலாமா, பிற்பாடு சொந்தமாகப் பண்ணை வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம்தான், அப்பா சைக்கிளில் பால் கொண்டுபோய் சொசைட்டியில் ஊற்றியவர். நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கிற இந்தச் சவுத்லேண்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு.

மாடு தெரியும் என்பது பாதி உதவிதான். நம்ம கட்டுத்தரையில் சோளத்தட்டை அறுத்து மாட்டுக்கு முன்னால் போடுகிறோம். இங்கே வருஷம் முழுக்க மாடு வெளியில்தான், புல் இருக்கிற இடத்துக்கு அதை ஓட்டிப்போகணும். ரைகிராஸ் என்ற புல்லும் வெள்ளை குளோவர் என்ற தீவனச் செடியும் கலந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, மின்வேலிக் கம்பியைத் தினமும் நகர்த்துவோம். மேய்ந்த துண்டுக்கு மாடு திரும்ப வசந்தத்தில் இருபது, இருபத்தைந்து நாள் ஆகும். ரைகிராஸ் மூன்று இலை விடும்வரை பொறுக்கணும், நாலாவது வந்தால் முதல் இலை காய ஆரம்பித்துவிடும்.

முதல் வருஷம் நான் கம்பியைத் தப்பாகக் கட்டி, மூணு நாள் புல்லை ஒரே ராத்திரியில் திறந்துவிட்டேன், மாடு வயிறாரத் தின்னட்டுமே என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது. அதுகள் நுனியைக் கடித்துவிட்டு மிச்சத்தை மழையில் மிதித்துச் சேறாக்கிவிட்டன. முதலாளி சத்தமே போடவில்லை, கூட நடந்து பூட்ஸ் நுனியால் ஒவ்வொரு இடமாகப் புரட்டிக் காட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்புறம், இங்கே மாடுகள் ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டமாகக் கன்று போடும், அப்போதுதான் புல் கிளம்பும். அந்த இரண்டு மாதம் தூக்கத்தை மறந்துவிடுங்கள். மே கடைசியில் எல்லா மாட்டையும் வற்றவிட்டு விடுவோம். ஒன்று முன்கூட்டியே சொல்கிறேன்: ஆண் கன்றுகளில் பெரும்பாலானவை பிறந்து நாலு நாள் கழிந்ததும் அடிமாட்டு லாரி ஏறும். ஏற்றிவிடுவது பெரும்பாலும் புதிதாக வந்த ஆள்தான். நம் வீட்டில் கன்றுக்குப் பேர் வைத்து வளர்த்த கை இது, எனக்கு இன்னும் பழகவில்லை.

சொந்தப் பண்ணையா? நிலத்து விலைக்கு நம்மைப் போன்றவர்களால் நேராக வாங்க முடியாது. கொஞ்சங்கொஞ்சமாக மாடு சேர்த்து, நிலம் அவருடையது, மாடு நம்முடையது, பால் பணம் பாதிப்பாதி என்று நம்மூர் வாரக் குத்தகை மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு, இங்கே ஷேர்மில்கிங் என்பார்கள். பணம் லிட்டருக்கு இல்லை, பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் எத்தனை கிலோ என்று பார்த்துத்தான். சொசைட்டியில் கொழுப்பு பார்த்து வாங்கிய நமக்கு இது சுலபமாகப் புரியும். ஒப்பந்தங்கள் ஜூன் 1-ல் மாறும், அன்றைக்கு ரோடெல்லாம் சாமான் ஏற்றிய லாரிகள்தான், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் மாறும். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் ஜூன் முதல் வாரமே வந்து சேருங்கள். இங்கே அப்போது குளிர்காலம், குளிரும் இருட்டும் வாட்டும், ஆனால் கறவை இல்லாத நேரம், கன்று விழுவதற்குள் பைக் ஓட்டவும் கம்பி கட்டவும் நானே சொல்லித்தருகிறேன்.