படகு மலிவு, அது நிற்கும் இடம்?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 41. மனைவியும் நானும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு இன்னும் நான்கு வருடத்தில் கல்லூரி. போன வருடம் 14 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, மாமனார் வீட்டுக் கொட்டகையில் வைத்து ஐந்து மாதம் வேலை பார்த்து விற்றேன். என் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால் வாங்கியது 20, பொருட்களுக்கு 22, விற்றது 50. இப்போது 27 அடிப் படகு ஒன்று வந்திருக்கிறது. 1970-களில் கட்டியது, ஆறு வருடமாகக் கரையில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. வைத்திருப்பவர் வயதானவர்; 100 கொடுத்து எடுத்துக்கொள் என்கிறார். இன்னொரு 200 செலவழித்தால் ஒரே வருடத்தில் சரிசெய்து 500-க்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நிறுத்தி வைக்க மாத வாடகை 12. அவசரத்துக்கென்று ஆறு மாதச் செலவுப் பணம் தனியே வைத்திருக்கிறோம். அதில் பாதியை எடுக்கலாமா? மாதக் கடைசிக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: எடுக்க வேண்டாம். இந்தப் படகையும் வாங்க வேண்டாம். ஆனால் படகு வேலையை விட்டுவிடாதீர்கள். ஐந்து மாதம் வாரம் தவறாமல் ஒரு வேலையை எடுத்துச் செய்து, முடித்து, விற்றும் காட்டியிருக்கிறீர்கள். பழைய படகு வாங்குகிறவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 14 அடிப் படகையே மறுபடி கணக்குப் பார்ப்போம். 42 போட்டு 50 எடுத்தீர்கள், லாபம் 8. வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்றாலும் 22 வாரத்துக்கு 176 மணி நேரம் உழைத்திருப்பீர்கள். ஏறக்குறைய அலுவலகத்தில் ஒரு மாதம் உழைக்கும் நேரம் அது. அங்கே 100, இங்கே 8. அந்த 8-உம் மாமனார் கொட்டகைக்கு வாடகை வாங்காததால் வந்தது. மாதம் 3 வாங்கியிருந்தால் ஐந்து மாதத்துக்கு 15 போயிருக்கும், லாபம் 7 நஷ்டமாகியிருக்கும். இதைச் சொல்வது உங்கள் உழைப்பைக் குறைத்துப் பேச அல்ல. அந்தப் படகில் உங்களுக்குப் பணம் கொடுத்தது கொட்டகை. 27 அடிப் படகுக்கு அந்தக் கொட்டகை இல்லை.

சரி, பெரிய படகுக்கு வருவோம். உங்கள் கணக்கில் நான் ஒத்துக்கொள்ளாத இடம் 'ஒரே வருடம்' என்பதுதான். ஆறு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற 27 அடிப் படகுக்கு 1500 மணி நேரத்துக்குக் குறைத்து நான் எழுத மாட்டேன். வேலைக்குப் போய்க்கொண்டு, குழந்தையையும் பார்த்துக்கொண்டு, வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினால் 150 வாரம். கிட்டத்தட்ட மூன்று வருடம். மாதம் 12 வீதம் 35 மாதத்துக்கு வாடகை மட்டும் 420. படகுக்கு 100, பொருளுக்கு நீங்கள் சொன்ன அதே 200, வாடகை 420; மொத்தம் 720. நீங்கள் எதிர்பார்த்த 500 அப்படியே கிடைத்தாலும் 220 கைவிட்டுப் போகும். மூன்று வருடம் கழித்து, மகளின் கல்லூரிக்கு ஒரே ஒரு வருடம் இருக்கும்போது.

அந்த 200-உம் போதாது என்றே நினைக்கிறேன். 14 அடிப் படகில் இருந்ததெல்லாம் ஓர் உடல், ஒரு பாய்மரம், பாய், சுக்கான். 27 அடியில் எஞ்சின் வருகிறது, மின்சார ஒயரிங் வருகிறது, கழிவறைக் குழாய் வருகிறது, உடலைத் துளைத்துக்கொண்டு போகும் வால்வுகள் வருகின்றன. அதே வடிவத்தில் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகும். செலவு எடையின் பின்னால் போகும், நீளத்தின் பின்னால் போகாது. ஒருவர் தனியாக ஓட்டும் லேசர் என்ற 14 அடிப் படகின் உடல் 59 கிலோதான். டிரைட்டன் என்ற 28 அடிப் படகின் எடை மூன்று டன்னுக்கு மேல். ஒன்றை இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். மற்றதற்கு ஒவ்வொரு முறையும் கிரேன் கூப்பிட வேண்டும்.

டிரைட்டனைச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய படகு ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதை அது விளக்கும். பியர்சன் என்ற அமெரிக்க நிறுவனம் 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அதைக் கொண்டுவந்து வைத்தது. கார்ல் ஆல்பர்க் வடிவமைத்த படகு. மரத்தில் ஒவ்வொன்றாக இழைத்துக் கட்டிய காலம் போய், ஃபைபர் கிளாஸில் அச்சு வார்ப்பது வேகம் பிடித்தது அந்த வருடங்களில்தான். அந்த ஒரு வகையில் மட்டும் 700-க்கும் மேல் கட்டினார்கள். பின்னால் வந்த இருபது முப்பது வருடங்களில் எத்தனையோ நிறுவனங்கள் இப்படியே வார்த்துத் தள்ளின. மரம் மட்கும்; ஃபைபர் மட்காது. வாங்கியவர்களுக்கு வயதாகிவிட்டது, படகுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. ஃபைபரை இறுக்கிப் பிடிக்கும் ரெசின் என்ற பிசினை உருக்கி வேறொன்று வார்க்கவும் முடியாது. பழைய கார் என்றால் இரும்பு விலைக்காவது போகும். ஃபைபர் படகை அப்புறப்படுத்த நாம்தான் காசு கொடுக்க வேண்டும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்போம். படகுக்கு அது பொருந்தாது. ஓடாத படகின் விலை பூஜ்யத்தில் நிற்பதில்லை, அதற்குக் கீழேயும் இறங்கும். அந்தப் பெரியவர் 100-க்குக் கொடுக்க முன்வருவதை இப்படிப் பாருங்கள்: மாதம் 12 வாடகையை அவர் தோளிலிருந்து உங்கள் தோளுக்கு மாற்றுகிறார். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கே அது அப்படித் தோன்றாமல் இருக்கலாம்.

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். தானமாக வரும் படகைக் கட்டாயம் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன், ஆலோசனைக்கு வந்த ஒருவரோடு படகு பார்க்கப் போனேன். வெளியே பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் கைப்பிடியால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனேன். டக், டக் என்று கெட்டியாகக் கேட்டது. பாய்மரத்தின் அடிப்பக்கம் வந்ததும் சத்தம் மாறி, தொப், தொப் என்றது. வைத்திருந்தவரிடம் அனுமதி கேட்டு, கயிறு கட்டும் கிளீட்டில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினோம். துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது. விரலை வைத்துப் பார்த்தால் காபிக் கசடு மாதிரி ஏதோ ஒட்டியது. அது பால்சா மரம். பல படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே அந்த லேசான மரத்தை வைத்து ஒட்டியது. ஒரு ஸ்க்ரூவின் ஓரத்தில் இருந்த பசை வறண்டுபோனால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி வருடக்கணக்கில் ஊறும். சரிசெய்ய வேண்டுமானால் மேல்தகட்டை அறுத்து எடுத்து, ஊறிய மரத்தைச் சுரண்டி, காயவைத்து, புது மரம் பதித்து, மறுபடி மூட வேண்டும். அந்த ஒரு வேலைக்கே ஒரு பருவம் போய்விடும்.

இன்னொரு செலவு கண்ணில் படவே படாது. பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளை 10 முதல் 15 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் வழக்கம். கம்பி மின்னிக்கொண்டேதான் இருக்கும். அரிப்பு, முனையை இறுக்கிய குழலுக்குள் இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் காற்று பட வேண்டும். காற்றில்லாமல் ஈரம் மட்டும் தேங்கும் இடத்தில் அது உள்ளுக்குள்ளேயே அரிக்கும். கம்பிகள் வந்து சேரும் செயின்பிளேட் என்ற உலோகப் பட்டைகள் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடமும் அப்படிப்பட்டதுதான். பாய்மரம் கடலில் சாய்ந்தால் காசு மட்டும் போகாது. பழைய படகுக்குக் காப்பீடு கேட்டால், பல நிறுவனங்கள் படகைப் பரிசோதிக்கும் சர்வேயரின் அறிக்கையும் கம்பிகளின் வயதும் கேட்கின்றன. உங்கள் 200-இல் கம்பிகளோ, பாய்களோ, சர்வேயர் கட்டணமோ, காப்பீடோ சேர்ந்திருப்பதாகத் தெரியவில்லை. எஞ்சின் இறுகிப்போயிருந்தால் அப்புறம் பேச்சே இல்லை. புது டீசல் எஞ்சினைப் பொருத்தும் செலவு, இப்படிப்பட்ட படகைச் சரிசெய்து விற்கும் விலையையே தாண்டிவிடுவது உண்டு.

அவசரப் பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது வேலை போனால் அரிசி வாங்க, ஆஸ்பத்திரிக்குக் கட்ட. அதைப் படகில் போட்டால் அவசரம் வரும் நாளில் படகை விற்றாக வேண்டும். மேல்தளம் பாதி அறுத்துப் போட்ட படகை யாரும் வாங்க மாட்டார்கள். கடனும் வேண்டாம். இவ்வளவு பழைய படகை ஈடாக வைத்துக் கடன் கிடைப்பது கடினம், தனிநபர் கடன்தான் கிடைக்கும். மழைக்காலத்தில் பெயின்ட் வேலை நிற்கும், வட்டி நிற்காது.

இனி என்ன செய்யலாம்? இந்த வேலையை வியாபாரமாக நினைப்பதை நிறுத்துங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். பொழுதுபோக்குக்குச் செலவழிப்பதில் ஒரு தவறும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எபாக்சி பசை கலக்கிக்கொண்டு இருப்பது உங்களுக்குச் சந்தோஷம் என்றால், அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு விலை கொடுக்கலாம். லாபம் வரும் என்று சொல்லிக்கொண்டு கொடுக்கும்போதுதான் அளவு தெரியாமல் போகிறது. தனியாக ஒரு கணக்குத் தொடங்கி மாதம் 5 போடுங்கள். மகளின் படிப்புக்கான மாதச் சேமிப்பு போன பிறகு மிஞ்சுவதிலிருந்துதான் அந்த 5 வர வேண்டும். மனைவியிடமும் அந்தத் தொகையைச் சொல்லி வைத்துவிடுங்கள். ஒரு வருடத்தில் 60 சேரும். அதுதான் உங்கள் எல்லை. அந்த 60-இல் 30-க்கு மேல் படகின் விலைக்குப் போகக் கூடாது, மீதி பொருட்களுக்கு. விற்று வரும் பணம் திரும்ப அதே கணக்குக்குப் போகட்டும்.

அடுத்த படகும் கொட்டகைக்குள் அடங்குவதாகவே இருக்கட்டும். மாமனார் கொட்டகையைவிட நல்ல மூலதனம் உங்களிடம் வேறு இல்லை. இன்னும் ஓட்டப்படும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். லேசர் 1970-களிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட படகு. 1996-இலிருந்து ஒலிம்பிக்கிலும் இருக்கிறது, இப்போது ஐஎல்சிஏ என்ற பெயரில். குழந்தைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகும் இன்னும் ஓட்டப்படும் வகைதான். இவற்றுக்குப் பாய், சுக்கான், சின்னச் சின்ன உதிரிகள் எல்லாம் கிடைக்கும். விற்கும்போது தேடி வருபவரும் இருப்பார். யாரோ ஒருவர் தானே வரைந்து கட்டிய படகு எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்க ஆள் கிடைக்க வருடமாகும்.

பெரிய படகில் குடும்பத்தோடு போய்வர வேண்டும் என்ற ஆசையும் உங்களுக்கு இருக்கலாம் என்று தோன்றுகிறது. விற்கத்தான் என்று எழுதியிருந்தாலும். அது உண்மையானால், மகளின் படிப்புச் செலவு முடிந்த பிறகு, வேறொருவர் சரிசெய்து முடித்த படகை வாங்குங்கள். மேலே போட்ட 720 கணக்கை நினைத்துப் பாருங்கள். அந்த 220 நஷ்டத்தை ஏற்கெனவே சுமந்த ஒருவர் 500-க்கு விற்றுக்கொண்டிருப்பார். அவரிடம் வாங்குவதுதான் சிக்கனம். வாங்கும் முன் நீங்களே அமர்த்திய சர்வேயர் பார்க்க வேண்டும், விற்பவர் காட்டும் ஆள் அல்ல. படகு நிற்கும் இடத்தில் வாடகை பாக்கி இருக்கிறதா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் அந்தப் பாக்கி படகோடு சேர்ந்து புது ஆளுக்கு வந்துவிடும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பொருள் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே செய்தால் சாதாரண முகமூடி போதாது, நுரையீரல் கெடும். வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். ரோலரால் தடவி பிரஷ்ஷால் இழுத்தாலே நல்ல பளபளப்பு வரும். அப்போதும் கெமிக்கல் ஃபில்டர் முகமூடியும் கையுறையும் வேண்டும், கொட்டகைக் கதவுகள் திறந்திருக்க வேண்டும். அடிப்பக்கத்துப் பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது ஈரமாக்கித் தேயுங்கள். அதில் தாமிரம் இருக்கும். மிகப் பழையது என்றால், 2008-இல் சர்வதேசத் தடை நடைமுறைக்கு வந்த டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் இருக்கவும் வாய்ப்புண்டு. அந்தத் தூளைச் சேர்த்து முறையாக அப்புறப்படுத்துங்கள். கணக்கில் மற்ற எதைக் குறைத்தாலும் இதற்கான பணத்தைக் குறைக்காதீர்கள்.

அந்தப் பெரியவருக்கு மாதக் கடைசி வரை காத்திருக்காமல் இந்த வாரமே பதில் சொல்லிவிடுங்கள். அவருக்கும் ஒவ்வொரு மாதமும் 12 போகிறது. 'படகை எடுக்க முடியவில்லை, ஆனால் உதிரிகளைக் கழற்றி விற்க உதவுகிறேன்' என்று கேட்டுப் பாருங்கள். கயிறு இழுக்கும் வெண்கல வின்ச், நங்கூரம், சங்கிலி, ஜன்னல் சட்டம், கெடாத பாய் இதற்கெல்லாம் தனித்தனியே வாங்க ஆள் உண்டு. படகை அப்புறப்படுத்தும் செலவில் ஒரு பங்கு அவருக்குத் திரும்பக் கிடைக்கும். இரண்டு மூன்று சனிக்கிழமை அவரோடு உட்கார்ந்து கழற்றினால், 27 அடிப் படகின் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று நீங்களும் கையால் தொட்டுத் தெரிந்துகொள்வீர்கள். போகும்போது பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்துப் போங்கள்.