கடுமையான டைவர்டிகுலைட்டிஸ்: குடல் அறுவை மருத்துவர் பதிலளிக்கிறார்

கேள்வி (சேலம்): வயது 62. வேறு காரணத்துக்காகச் செய்த கொலோனோஸ்கோபியில் (கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை), பெருங்குடலில் சிறு பைகள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். வலி இல்லை. அறுவை சிகிச்சை தேவையா?

பதில்: தேவையில்லை. குடல் தசையை இரத்தக் குழாய்கள் துளைத்துச் செல்லும் இடங்கள் பலம் குறைந்தவை. வயது ஏற ஏற உட்சவ்வு அங்கே வெளியே பிதுங்கிப் பையாகிறது. பெரும்பாலோருக்கு அது கடைசிவரை தொல்லை தராது. அந்தப் பையில் அழற்சி வந்தால்தான் டைவர்டிகுலைட்டிஸ்.

கேள்வி (மதுரை): அம்மாவுக்கு 68. மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறார். மூன்று நாளாக இடது அடிவயிற்றில் வலி, இலேசான காய்ச்சல். வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீரும் டைக்ளோஃபினாக் வலிமாத்திரையும் கொடுத்தோம். பேதிக்குக் கொடுக்கச் சொல்கிறார் அத்தை.

பதில்: கொடுக்காதீர்கள். எனிமாவும் வேண்டாம். இன்றே, இதைப் படித்து முடித்ததும், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உங்கள் கேள்வியில் ஸ்டீராய்டு என்ற சொல்தான் எனக்குப் பயம் தருகிறது. குடல் ஓட்டையாகி மலம் வயிற்றுக்குள் கசிந்தால்கூட, ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு வலியும் காய்ச்சலும் அடங்கியே தெரியும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை குடல் துளைபடும் ஆபத்தைக் கூட்டும். அவற்றை நிறுத்துங்கள். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

நோய் முற்றிவிட்டதற்கான அடையாளங்கள் இவை: வயிறு பலகைபோல் இறுகும். இருமினால், வண்டி குலுங்கினால் வலி சுரீரென்று ஏறும். நாடி விரையும், சிறுநீர் குறையும், இரத்த அழுத்தம் இறங்கும். முதியவர்களுக்குப் பேச்சு குழம்பும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள்.

உறுதி செய்வது சி.டி. ஸ்கேன். 1978இல் ஹின்சி என்ற அறுவை மருத்துவர் இந்த நோய்க்கு வகுத்த நான்கு படிகளைத்தான் நாங்கள் இன்றும் பேசுகிறோம். குடலையொட்டிய சீழ்க்கட்டி முதல் படி. இடுப்புக்குள் தள்ளியிருக்கும் கட்டி இரண்டாவது. வயிறு முழுக்கச் சீழ் மூன்றாவது. மலமே பரவியிருந்தால் நான்காவது. முதல் இரண்டில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் செலுத்துவோம். கட்டி 3, 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஸ்கேன் பார்த்தபடி தோல் வழியே குழாய் செருகிச் சீழை வடிப்போம். கடைசி இரண்டிலும் பெரும்பாலும் அவசர அறுவைதான்.

கேள்வி (சிங்கப்பூர்): எனக்கு வலி வலப்பக்கம். குடல்வால் அழற்சி என்றார்கள், ஸ்கேனில் டைவர்டிகுலைட்டிஸ் என்று வந்தது. தவறாக இருக்குமோ?

பதில்: இருக்காது. மேற்கு நாட்டவருக்கு இடப்பக்கம் அதிகம். கிழக்காசியாவில் வலப்பக்கம்தான் அதிகம்.

கேள்வி (கோவை): கொய்யா, தக்காளி விதைகள் பையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: சரியல்ல. அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2008இல் வெளியானது. கொட்டைகளும் பாப்கார்னும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் குறைவாகவே வந்தது.

மறுப்பு (ஈரோடு): ஆண்களை மட்டும் பார்த்த ஆய்வு. கொய்யா விதையை யார் சோதித்தார்கள்? விதை வேண்டாம் என்று என் மாமனாரிடம் மருத்துவரே சொன்னார்.

பதில்: நியாயமான மறுப்பு. கொய்யாவை அந்த ஆய்வு தனியாகப் பார்க்கவில்லை. ஆனால் விதைக்கு எதிராக இருந்தது வெறும் ஊகம். அதைத்தான் எங்கள் ஆசிரியர்கள் எங்களுக்குக் கற்பித்தார்கள், நானும் பல ஆண்டுகள் நோயாளிகளுக்குச் சொன்னேன். நான் வெட்டியெடுத்த குடல்களின் பைகளில் கண்டது இறுகிய மலம். விதைக்குப் பயந்து பழத்தையும் காயையும் விடுபவர் நார்ச்சத்தையே இழக்கிறார். அந்த இழப்பு என்னை வருத்துகிறது. அழற்சி கடுமையாக இருக்கும் நாட்களில் கஞ்சித் தண்ணீர் என்பது தற்காலிகப் பத்தியம். மாமனார் அதை ஆயுளுக்கும் நீட்டிக்கொண்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மறுப்பு (ஈரோடு): கேட்டேன். ஆறு ஆண்டுகளாக வெண்டைக்காய்கூடச் சாப்பிடுவதில்லையாம்.

பதில்: வெண்டைக்காயைச் சாப்பிடச் சொல்லுங்கள். கொய்யாவையும்.

கேள்வி (தஞ்சாவூர்): இடப்பக்க வலி வாயுவாக இருக்கலாமா? வலிமாத்திரை போடலாமா?

பதில்: மதுரைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். வலியோடு காய்ச்சல் இருந்தால் வாயு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். டைக்ளோஃபினாக் வேண்டாம்.

கேள்வி (சென்னை): பித்தப்பையில் கல்...

பதில்: அது வேறு பொருள். உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அப்பாவுக்கு வயிற்றுவலி தணிந்தது. இப்போது சிறுநீர் கழிக்கையில் காற்றுக் குமிழ்கள் வருகின்றன என்கிறார். சொல்லக் கூச்சப்படுகிறார்.

பதில்: சொன்னதற்கு அவருக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள். குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே புண் வழியாகப் பாதை திறந்திருக்கலாம். அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் வரும். மருந்தால் மட்டும் இது மூடுவது அரிது. ஸ்கேனுக்குப் பிறகு, திட்டமிட்ட அறுவையாகச் செய்யலாம். கொலோனோஸ்கோபி அழற்சி தணிந்து 6 முதல் 8 வாரம் கழித்து. புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்ய அது அவசியம்.

கேள்வி (திருநெல்வேலி): அண்ணனுக்கு அவசர அறுவை செய்து வயிற்றில் மலம் சேரும் பை மாட்டியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதுமா?

பதில்: அது ஹார்ட்மன் அறுவையாக இருக்கலாம். அழுகிய பகுதியை நீக்கி, மேல்முனையை வயிற்றின் வெளியே திறந்து, கீழ்முனையைத் தைத்து மூடுவது. அழற்சியுள்ள குடலை உடனே இணைத்தால் தையல் விட்டுப்போகும் என்ற அச்சத்தால் அப்படிச் செய்கிறோம். சில மாதங்களில் உடல் தேறியதும் மீண்டும் இணைக்கலாம். வயது, இதயம், நுரையீரல் இடங்கொடாதபோது சிலருக்குப் பை நிரந்தரமாகிவிடுவதும் உண்டு. அடுத்த முறை போகும்போது இணைப்புக்கான தேதியை அண்ணனே கேட்கட்டும். கேட்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.