ஆங்கில டீச்சர் வேலையில் வளர்ச்சி உண்டா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் தெரிகிறது. உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கப் போனால் மகள் 30 வருடமும் ஒரே பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருப்பாளோ என்பது ஒன்று. கட்டுரையை சாட்ஜிபிடியே எழுதித் தரும்போது டீச்சர் எதற்கு என்பது இன்னொன்று. முதல் பயம் நியாயம்தான். அப்படித் தேங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

இந்த வேலையின் பாரம் பாடம் நடத்துவதில் இல்லை, திருத்துவதில்தான். ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 30 பேர் என்றால் 150 கட்டுரை. ஒன்றுக்கு 10 நிமிடம் வைத்தாலே 25 மணி நேரம். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு பிழை விடாமல் சிவப்பு மையால் வட்டம் போடுவார். பையன் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவான். சில வருடம் போனபின் அதே டீச்சர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுவார்: ‘தாத்தா கோபப்பட்டார் என்கிறாய். அப்போது அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது?’ பையன் அந்தப் பத்தியை மட்டும் திரும்ப எழுதிக்கொண்டு வந்து நிற்பான். வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்தக் கேள்வி, தானே எழுதித் திணறியவருக்குத்தான் தோன்றும். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1974-ல் ஜேம்ஸ் கிரே ஆசிரியர்களுக்காக ஒரு கோடைப் பயிற்சியைத் தொடங்கினார். எழுதச் சொல்லிக்கொடுப்பவர் தானும் எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை. நியூயார்க் பள்ளிகளில் பல வருடம் ஆங்கிலம் எடுத்த ஃபிராங்க் மெக்கோர்ட்டின் முதல் புத்தகம் 1996-ல், அவருடைய 66 வயதில் வந்தது. அடுத்த வருடம் அதற்கு அமெரிக்காவின் பெரிய எழுத்து விருதான புலிட்சர் பரிசு. எல்லோருக்கும் புலிட்சர் கிடைக்காது, அது வேறு விஷயம். ஆனால் வாரம் ஒரு பக்கம் எழுதி, யாரிடமாவது காட்டித் திட்டு வாங்க யாராலும் முடியும். மகள் அதை இப்போதே தொடங்கட்டும்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க என்று, அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. துல்லியம் போதாது என்று ஜூலையிலேயே விலக்கிக்கொண்டது. செய்தவர்களே கைவிட்ட வேலையை டீச்சர் போலீஸ்போலச் செய்ய வேண்டியதில்லை. கூகுள் டாக்ஸ் என்ற எழுதும் செயலியில், அது சேமித்து வைத்திருக்கும் பழைய பதிப்புகளைத் திறந்தால், முக்கால் மணி நேரம் அடித்து அடித்து எழுதிய பத்தியும், முழுசாக ஒரே நொடியில் வந்து ஒட்டிய பத்தியும் தனித்தனியாகத் தெரியும். அதை வைத்து மட்டும் குற்றம் சாட்டவும் கூடாது. காகிதத்தில் எழுதிவிட்டு மொத்தமாகத் தட்டச்சு செய்த பிள்ளையாகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்காரவைத்து, ‘இந்த வார்த்தையை ஏன் போட்டாய்?’ என்று கேட்டால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். கருவியைப் பழகுவது ஒரு மாத வேலை. இப்படிக் கேட்கப் பழகத்தான் வருடங்கள் ஆகும்.

பள்ளி ஒத்துவராவிட்டால்? பாடநூல் எழுதுவது, வினாத்தாள் தயாரிப்பது, எடிட்டிங், இணையவழிப் பாட வடிவமைப்பு என்று வழிகள் உண்டு. அங்கேயும், ஒரு பத்தி எந்த இடத்தில் படிப்பவரைக் கைவிடுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரின் கட்டுரைகளை மகள் ஒரு மாதம் திருத்திப் பார்க்கட்டும். நாலாவது வாரமும் பேனாவை எடுக்க மனம் வந்தால் பயப்படாமல் சேர்த்துவிடுங்கள். எரிச்சல்தான் மிச்சம் என்றால் வேறு துறை பேசலாம்; அதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஒருமுறை மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள். அவர் கடைசியாக எழுதியது எதுவானாலும், அடித்தல் திருத்தலோடு, கையில் இருக்கட்டும்.