90 வயதுக் கேபினில் இரண்டு இரவு: அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் வசிக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 72, முழங்கால் வலி உண்டு. பக்கத்தில் பாஸ்ட்ராப் ஸ்டேட் பார்க்கில் 1930களில் கட்டிய கேபின்களில் இரண்டு நாள் தங்கலாம் என்கிறார் கணவர். அவ்வளவு பழைய கட்டடத்தை நம்பித் தங்கலாமா? நிஜமாகவே பழசா, பழசு மாதிரி கட்டியதா? புக் பண்ணுவதற்கு முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கவலைப்பட வேண்டியது சுவரைப் பற்றி அல்ல, படிக்கட்டைப் பற்றி. அதற்குப் பிறகு வருகிறேன்.

2011 செப்டம்பரில் பாஸ்ட்ராப் வட்டாரத்தில் பற்றிய காட்டுத்தீ 34,000 ஏக்கருக்குப் பரவி, 1,600க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. பூங்காவிலும் ஏறத்தாழ 96 சதவீதம் எரிந்தது. அந்தத் தீயிலிருந்து தீயணைப்புக் குழுவினர் போராடி மீட்டவைதான் இந்தக் கேபின்கள். 1997 முதல் இந்தப் பூங்கா தேசிய வரலாற்றுச் சின்னம் என்பதால், பராமரிப்பும் ஏனோதானோ என்று நடப்பதில்லை.

பழசா என்ற கேள்விக்கு வருகிறேன். பல பூங்காக்களில் 1930களின் கேபினும் பிற்காலக் கேபினும் அடுத்தடுத்து இருக்கும். புக் பண்ணும்போதே "சி.சி.சி. கட்டியதா?" என்று கேளுங்கள். சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்பதன் சுருக்கம் அது. 1933-ல் அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய திட்டம் இது. 18 முதல் 25 வயது வரையுள்ள, மணமாகாத இளைஞர்களை முகாமில் தங்கவைத்து வேலை கொடுத்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் சுமார் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். 1942-ல் திட்டம் மூடப்படும்வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள்.

பெரும்பாலான பையன்களுக்கு உளி பிடிக்கக்கூடத் தெரியாது. உள்ளூர்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் சம்பளத்துக்கு அமர்த்திப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்கள். வேலை கொடுப்பதே நோக்கம் என்பதால் ஆள்பலத்துக்குப் பஞ்சமில்லை, பொருள் வாங்கத்தான் காசு குறைவு. அதனால்தான் அங்கேயே வெட்டிய செம்பழுப்பு மணற்கல், அக்கம்பக்கத்து மரம், கணக்குப் பார்க்காத கைவேலை. இன்று அதே கேபினைக் கட்டச் சொன்னால் கல்லும் மரமும் கிடைத்துவிடும், அத்தனை நாள் கூலிக்குத்தான் யாராலும் கட்டுப்படியாகாது.

போனதும் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் சுவர் மூலைக்குப் போய்ப் பாருங்கள். அடியில் ஆளால் தூக்க முடியாத பெரிய கற்கள், மேலே போகப் போகச் சின்னவை. மண்ணில் எப்படிப் படுத்துக் கிடந்ததோ அப்படியே, நீளவாக்கில் படுக்கவைத்திருப்பார்கள். மழை வெயிலில் கறுத்த முகம் வெளியே தெரியும், புதிதாக உடைத்த முகம் உள்ளே போயிருக்கும். கட்டடம் தரையிலிருந்து முளைத்ததுபோல் இருக்க வேண்டும் என்பது அன்றைய தேசியப் பூங்காத் துறைக் கட்டடக் கலைஞர்களின் கொள்கை. மரச்சுவர் என்றால் மூலையில் ஒரு மரம் இன்னொன்றின் வெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி மரத்தைப் பலகைமேல் ஆணியடித்து ஒட்டியிருந்தால் அநேகமாகப் பிற்காலத்துப் போலி. கதவுக் கீலைத் தடவிப் பாருங்கள். பட்டறையில் அடித்ததென்றால் சுத்தியல் பட்ட குழி விரலில் தட்டும்.

ஒரு விஷயத்தை அம்மாவிடம் சொல்லாமல் விடாதீர்கள். 1935-க்குப் பிறகு இந்த முகாம்களில் வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். வர்ஜீனியாவில் இன்று ஃபர்ஸ்ட் லேண்டிங் எனப்படும் பூங்காவைக் கட்டியதில் பெரும்பங்கு கறுப்பின இளைஞர்களுடையது. திறந்த பிறகு அதில் நுழைய அவர்களுக்கு அனுமதி இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இனி முழங்கால். கையால் கொத்திய கல் படிகளில் ஒரு படி மாதிரி இன்னொரு படி இருக்காது. அடுத்த படி இவ்வளவு உயரம் என்று நினைத்து வைக்கும் கால் ஏமாந்துபோகும். வரலாற்றுச் சின்னம் என்பதால் நினைத்த இடத்தில் சரிவுப் பாதையோ கைப்பிடியோ வைத்துவிடவும் முடியாது. ஆகவே ஆன்லைனில் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பூங்கா அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு எவ்வளவு நடை, எத்தனை படி, கைப்பிடி உண்டா, குளியலறையில் தொட்டியைத் தாண்ட வேண்டுமா? கேபினுக்குக் கேபின் அமைப்பு வேறுபடும். சக்கர நாற்காலிக்கு ஏற்றது எது என்று கேட்டு அதையே எடுங்கள்.

சமையல் விஷயத்தில் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். உள்ளே தாளித்தால் புகை அலாரம் அலறும். அதைவிட, எண்ணெய்ப் புகை பழைய மரத்தில் படிந்தால் சோப்புப் போட்டுத் தேய்த்து எடுக்க முடியாது. புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், சூடாக வேண்டுமென்றால் வெளியே அடுப்பு வையுங்கள். கணப்பு இருந்தாலும் கேட்காமல் விறகு போடாதீர்கள். ஈரத்துணி காயப்போட மரத்தில் ஆணி, கொக்கி எதுவும் வேண்டாம். சுவரோரத்தில் கோதுமை மாவு போல மெல்லிய தூள் கொட்டிக் கிடந்தால் பெருக்கித் தள்ளிவிடாமல் ரேஞ்சரிடம் காட்டுங்கள். வண்டு மரத்தைத் தின்கிற அடையாளமாக இருக்கலாம். சீக்கிரம் தெரிந்தால் அந்த மரத்தைக் காப்பாற்ற முடியும்.

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருங்கள். பைன் மரங்களுக்கு நடுவில் சீக்கிரம் இருட்டிவிடும். அம்மா கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் படிகளில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.