93இல் இல்லாத புரதம்

கேள்வி: ஹிஃப்-1 அல்பா என்ற படியெடுத்தற் காரணியை (மரபணுக்களை இயக்கும் புரதம்) கண்டறிய முயலில் உருவாக்கிய பொலிகுளோனல் பிறபொருளெதிரி வாங்கினோம். வெஸ்டர்ன் புளொட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்து, பிறபொருளெதிரியால் பட்டையாகக் காட்டும் முறை) 93 கிலோடால்ட்டனில் (புரத எடையின் அலகு) ஒன்றுமில்லை. 60க்குப் பக்கத்தில் தடித்த பட்டை, 120க்குக் கிட்ட மங்கலாக ஒன்று. பிறபொருளெதிரி பழுதாகிவிட்டதா?
– ஆய்வு மாணவி, வெள்ளவத்தை

பதில்: அவசரப்பட்டுப் போத்தலைக் குறை சொல்லாதீர்கள். 826 அமினோ அமிலங்களைக் கணக்குப் பார்த்தால் 93 வரும். ஆனால் ஜெல்லில் இந்தப் புரதம் 110–120 அளவில்தான் நிற்கும். அந்த மங்கல் பட்டைதான் நீங்கள் தேடுவதாக இருக்கும்.

அது மங்கியதற்குப் பெரும்பாலும் காரணம் மாதிரி எடுக்கும் விதம். ஒட்சிசன் உள்ள கலத்தில் ஹிஃப்-1 அல்பாவின் அரைவாழ்வு ஏறக்குறைய 5 நிமிடம். கலங்கள் வளரும் தட்டை வெளியே எடுத்து ஆறுதலாகக் கழுவிக்கொண்டிருந்தால் புரதம் மிஞ்சாது. எடுத்த கையோடு ஐஸில் வையுங்கள். குளிர்ந்த பிபிஎஸ்ஸால் (உப்புத் தாங்கற் கரைசல்) விரைவாகக் கழுவி, சூடான எஸ்டிஎஸ் (கலத்தைக் கரைக்கும் சவர்க்காரம்) கரைசலை நேரே ஊற்றிச் சுரண்டி, 95 பாகையில் 5 நிமிடம் வையுங்கள். கரைசல் சளிபோல் இழுபட்டால் அது டிஎன்ஏ. மெல்லிய ஊசியால் சில தடவை உறிஞ்சித் தள்ளினால் இளகிவிடும்.

அடுத்த ஜெல்லில் 100 மைக்ரோமோலர் கோபால்ற்றுக் குளோரைட்டில் 4 மணிநேரம் வைத்த கலங்களையும், வைக்காதவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுங்கள். கோபால்ற்று இந்தப் புரதம் அழிவதைத் தடுக்கும். 120 பட்டை முதலாவதில் மட்டும் தடித்தால் அதை நம்பலாம். எஸ்ஐஆர்என்ஏ (siRNA) என்ற சிறு ஆர்என்ஏ கொண்டு ஹிஃப்-1 அல்பாவின் மரபணுவை அடக்கும்போது அதே பட்டை குறைந்தால் இன்னும் உறுதி.

60 பட்டை இரண்டிலும் ஒரே அளவில் இருந்தால் அது வேறு புரதம். பொலிகுளோனல் என்பது பல பிறபொருளெதிரிகளின் கலவை; அவற்றில் சில வேறிடத்திலும் ஒட்டும். முதலாம் பிறபொருளெதிரியை (நீங்கள் வாங்கியதை) விட்டு, அதில் ஒட்டிப் பட்டையைக் காட்டும் இரண்டாம் பிறபொருளெதிரியை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் பட்டை வந்தால் குற்றம் இரண்டாவதில். வராவிட்டால் முதலாவதை 1:500 இலிருந்து 1:2000 வரை ஐதாக்கி, 4 பாகையில் இரவு முழுக்க வையுங்கள். எச்ஆர்பி என்ற நொதி இணைத்த இரண்டாவதின் கரைசலில் சோடியம் அசைட்டு சேர்க்கவே கூடாது, நொதியை முடக்கிவிடும்.

50% கிளிசரோல் உள்ள போத்தல் −20 பாகையில் உறையாது, அப்படியே வைக்கலாம். இல்லையென்றால் 10 மைக்ரோலீற்றராகப் பிரித்து வையுங்கள். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் வேண்டாம்.

லொட் (தயாரிப்புத் தொகுதி) இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த லொட் வேறொரு முயலின் குருதியிலிருந்து வரலாம், பட்டைகளும் மாறலாம். வெளிநாட்டிலிருந்து வந்துசேரத் தாமதமாகும் என்பதால், ஆய்வு முடியும்வரை போதுமான அளவை ஒரே லொட்டில் கேட்டு வாங்குங்கள்.