உலக்கைச் சத்தமும் கைதட்டலும்

கேள்வி: ஒன்றரை ஆண்டாக ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். இங்குள்ளவர்களின் பக்தியைப் பற்றித் தமிழில் எழுத ஆசை. ஆனால் அலுவலக நண்பர், "எனக்கு மதமே கிடையாது" என்கிறார். புத்தாண்டன்று ஜப்பானின் மரபு வழிபாடான ஷின்டோவின் கோயில் வரிசையில் நிற்கிறார், பாட்டியின் ஈமச்சடங்கைப் புத்த பிக்குவை வைத்து நடத்தினார். தலை சுற்றுகிறது. மொழியும் எனக்கு அரைகுறை. வெளியாள் நான் எழுதலாமா?
– பெயர் வேண்டாம், ஒசாகா

பதில்: தாராளமாக எழுதலாம். ஜப்பானைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற லஃப்காடியோ ஹெர்னுக்கும் மொழி அரைகுறைதான். தாய் கிரேக்கர், தந்தை அயர்லாந்துக்காரர்; அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்துவிட்டு 1890இல் ஜப்பானில் இறங்கியபோது வயது 39. இடது கண்ணில் பார்வை சிறுவயதிலேயே போய்விட்டது, மற்றதில் கடும் கிட்டப்பார்வை. அதனாலோ என்னவோ, காதால் எழுதினார்.

மாட்சுவே என்ற ஊரில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்த ஊரின் விடியலை அவர் எழுதும்போது முதலில் வருவது அரிசி குத்தும் உலக்கையின் சத்தம். பிறகு கோயில் மணி, காய்கறி விற்பவர்களின் கூவல். அதற்கப்புறம்தான் ஆற்றங்கரையிலிருந்து கைதட்டல்: முகம் கழுவி, வாய் கொப்பளித்து, சூரியனைப் பார்த்து நான்கு முறை கைதட்டிக் கும்பிடுகிறார்கள். தெய்வங்களின் பெயருக்கு முன்னால் உலக்கை வந்துவிடுகிறது, பாருங்கள்.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. மதம் என்பதற்கு அங்கே வழங்கும் 'ஷூக்யோ' என்ற சொல், மேலைநாட்டுக் கருத்துக்கு ஈடாக மெய்ஜி காலத்தில் (1868–1912) நிலைபெற்றது. எந்த அமைப்பில் உறுப்பினர் என்று நீங்கள் விசாரித்ததாகவே அவர் காதில் விழுந்திருக்கும். விடியலில் கோலம் போடும் அம்மாவிடம் "இதன் பின்னுள்ள நம்பிக்கை என்ன?" என்று கேட்டால், "போய் வேலையைப் பார்" என்பார் அல்லவா? நண்பரிடம் வேறு மாதிரி கேளுங்கள். காலையில் பாட்டியின் படத்துக்கு முன் ஏதாவது வைப்பதுண்டா, சோறா தேநீரா, யார் வைப்பது, பிறகு அதை யார் சாப்பிடுவது? பேச்சு தானே நீளும். ஆகஸ்டில், முன்னோர் வீடு திரும்பும் ஓபோன் நாட்களில், விடுப்பு கிடைத்ததென்று ஊருக்கு விமானம் ஏறிவிடாதீர்கள்.

ஹெர்னின் பேய்க்கதைகள் பலவற்றை அவருக்குச் சொன்னவர் அவர் மனைவி கொய்சுமி செட்சு. இரவில் விளக்கைத் தணித்துவிட்டுச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்காமல் சொந்தச் சொல்லில் சொல்ல வேண்டும் என்பது கணவரின் பிடிவாதம். புகழெல்லாம் கணவருக்குப் போயிற்று. எனக்கு இது இன்றும் உறுத்தல்தான். உங்களுக்குச் சொல்பவர் சம்மதித்தால், அவர் பெயரை முதல் பத்தியிலேயே போடுங்கள்.

1896இல் கொய்சுமி யகுமோ என்ற பெயருடன் ஜப்பானியக் குடிமகனாகவே ஆகிவிட்டார் ஹெர்ன். ஆனால் பழமை மோகம் அவரை விடவில்லை. மாட்சுவேக்கு அடுத்து வேலை பார்த்த குமாமோட்டோ நவீனமாக இருந்ததால் பிடிக்காமல் போயிற்று. உங்கள் தெருவில் இருபத்து நான்கு மணி நேரக் கடைக்கும் அடுக்குமாடிக்கும் நடுவே நரிச் சிலைகளோடு, நெல்லுக்குரிய தெய்வமான இனாரிக்குச் சின்னக் கோயில் ஒன்று இருந்தால், கடையையும் சேர்த்தே எழுதுங்கள்.

கோயிலுக்குள் போனதும் அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதீர்கள். ஷின்டோ கோயில்களில் பெரும்பாலும் இரண்டு முறை, இசுமோவின் பெரிய கோயிலில் நான்கு, புத்தர் கோயிலில் தட்டவே கூடாது. சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் நிற்கும் பாட்டியைப் பார்த்துச் செய்யுங்கள்.