பட்டனை அழுத்திய பிறகு ஆர்டர் எங்கே போகிறது?

கேள்வி: வெளிநாட்டு ஆப் ஒன்றில் யூரோ-டாலர் வாங்கி விற்கிறேன். அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வந்த வெள்ளிக்கிழமை மாலை, 1.0850-இல் விற்க பட்டனை அழுத்தினேன். 1.0838-இல்தான் விற்றிருக்கிறது. கேட்டால், லிக்விடிட்டி புரொவைடர் தந்த விலை அது என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (வாசகர், ஈரோடு)

பதில்: அந்த ஒரு ஆர்டரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. துபாயில் ஒரு புரோக்கர் நிறுவனத்தின் டீலிங் டெஸ்கில், அதாவது வாடிக்கையாளர் ஆர்டர்களைக் கையாளும் பிரிவில், ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் அழுத்தியதும் ஆர்டர் புரோக்கரின் சர்வருக்கு வரும். அங்கே ‘பிரிட்ஜ்’ என்றொரு மென்பொருள் இருக்கும். பெரிய வங்கிகளும், எக்ஸ்டிஎக்ஸ் மார்க்கெட்ஸ் போல வங்கியல்லாத நிறுவனங்களும் நொடிக்குப் பல தடவை அதற்கு விலை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இவர்கள்தான் லிக்விடிட்டி புரொவைடர்கள். பிரிட்ஜ் அதில் நல்ல விலையைப் பொறுக்கி, புரோக்கரின் லாபத்தையும் ஏற்றி, உங்கள் திரையில் காட்டும். புரொவைடர்கள் பலருக்கு ‘லாஸ்ட் லுக்’ என்று ஒரு சலுகையும் உண்டு. வந்த ஆர்டரைச் சில மில்லி நொடி கையில் வைத்துப் பார்த்து, விலை நகர்ந்திருந்தால் வேண்டாமென்று திருப்பிவிடலாம். ஆர்டர் அடுத்தவரிடம் போவதற்குள் விலை இன்னும் இறங்கியிருக்கும்.

அறிக்கை வரும் நேரத்தில் இந்தப் புரொவைடர்கள் பலர், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டிவிடுவார்கள். சிலர் விலை தருவதையே நிறுத்திவிடுவார்கள். கோடை மாதங்களில் துபாய் நேரம் மாலை நாலரைக்கு, எங்கள் திரையில் யூரோ வரிசைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகும். அப்போது உங்களுக்கு நடந்தது போல 12 பிப் (பிப் என்பது விலையின் நான்காவது தசம இடத்தில் ஒரு புள்ளி) நழுவுவது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் உங்கள் ஆர்டர் அவர்களிடம் போனதா என்றே எனக்குச் சந்தேகம். எங்கள் சர்வரில் ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே ஒரு கட்டம்: ஏ அல்லது பி. ஏ என்றால் ஆர்டர் வெளியே போகும். பி என்றால் போகாது, புரோக்கரே எதிர்த்தரப்பு. நீங்கள் இழக்கும் 120 டாலர் அவருக்கு 120 டாலர் வருமானம். 200 டாலர் போட்டுப் புதிதாக வருகிறவரைப் பி-யில்தான் சேர்ப்போம். அவர் தொடர்ந்து லாபம் எடுத்தால், ஒருநாள் மௌஸில் வலது க்ளிக் செய்து ஏ-வுக்கு மாற்றுவோம். அவருக்கு எதுவும் தெரியாது.

இப்படி ஆர்டரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ‘பி-புக்’ வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லமாட்டேன். ஒருவர் வாங்க, இன்னொருவர் விற்க, இரண்டும் உள்ளேயே கழிந்துவிடும். மிச்சத்தை மட்டும் வெளியே தள்ளினால் செலவு குறையும். வாடிக்கையாளரிடம் அதை மறைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் அந்த வேலையை விட்டதற்கு அந்த வலது க்ளிக்தான் காரணம்.

ஒன்று செய்யுங்கள். கடைசி 50 ஆர்டரை எடுத்து, நீங்கள் அழுத்திய விலையையும் கிடைத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சந்தை இரண்டு பக்கமும்தான் நகரும். அதனால் சில தடவையாவது கேட்டதைவிட நல்ல விலை கிடைத்திருக்க வேண்டும். ஒரு தடவைகூட இல்லையென்றால் அந்த லாபம் யாரோ ஒருவர் பைக்குப் போயிருக்கிறது. அமெரிக்காவில் எஃப்எக்ஸ்சிஎம் என்ற அந்நியச் செலாவணி புரோக்கர் நிறுவனம் மாட்டிக்கொண்டது இதில்தான். விலை வாடிக்கையாளருக்குச் சாதகமாக நகர்ந்தபோது அந்தப் பலனை அவர்களுக்குத் தரவில்லை என்று 2011-இல் 60 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. வாடிக்கையாளர்களுக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தரவும் வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் இப்படி வெளிநாட்டு ஆப்பில் அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்வதை ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிக்கவில்லை. அனுமதி பெறாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாததால் மட்டும் ஒரு ஆப் அனுமதி பெற்றதாகிவிடாது. பணத்தை எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆர்டரைத் தாங்கள் வைத்துக்கொள்ளாமல் வெளியே அனுப்புகிறோம் என்ற பொருளில் ‘நோ டீலிங் டெஸ்க்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: விளம்பரத்தை வைத்து நம்பாதீர்கள். அதே எஃப்எக்ஸ்சிஎம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆர்டர்கள் வெளியேதான் போயின. ஆனால் அவற்றை வாங்கிய முக்கிய மார்க்கெட் மேக்கர் (தானே விலை சொல்லி எதிர்த்தரப்பாக நிற்பவர்) நிறுவனம், அந்த ஆர்டர்களில் கிடைத்த லாபத்தில் சுமார் 70 சதவீதத்தை மாதாமாதம் எஃப்எக்ஸ்சிஎம்முக்கே திருப்பித் தந்துகொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் 70 லட்சம் டாலர் அபராதம் கட்டி, அமெரிக்கச் சில்லறை வர்த்தகத்தை விட்டே போனார்கள். கணக்குத் திறக்கும்போது நாம் படிக்காமல் ‘சம்மதம்’ கொடுக்கும் ஒப்பந்தத்தில் ‘பிரின்சிபல்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். புரோக்கர் தன்னை அப்படிக் குறிப்பிட்டிருந்தால், உங்கள் எதிர்த்தரப்பு அவர்தான்.

கேள்வி: நம் பங்குச் சந்தையிலும் இப்படி உண்டா? (வாசகி, திருச்சி)

பதில்: இல்லைம்மா. செபி விதிப்படி உங்கள் பங்கு ஆர்டரை புரோக்கர் என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற சந்தைக்குத்தான் அனுப்ப வேண்டும், தன் கணக்கிலேயே முடித்துக்கொள்ள முடியாது. வர்த்தகம் நடந்த 24 மணி நேரத்துக்குள் வரும் கான்ட்ராக்ட் நோட்டில் (புரோக்கர் அனுப்பும் வர்த்தக விவரச் சீட்டு) ஆர்டர் எண், வர்த்தக எண், நேரம் எல்லாம் இருக்கும். அந்த எண்ணை என்எஸ்இ இணையதளத்தில் வர்த்தகச் சரிபார்ப்புப் பக்கத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.